தவிட்டுப் பிள்ளை

எல்லா வீட்டிலும் சின்னப் பிள்ளைகளை அழவைக்க ஒரு கேலி வைத்திருப்பார்கள். "நீ எங்க புள்ள இல்லடா, உன்னைய தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேலியை யாரும் செய்ததில்லை. எங்கள் பையனை நாங்கள் உண்மையாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினோம். ஒரு படி தவிடு. அளந்து கொடுத்தவன் நான்தான்.

என் பெயர் பொன்னையா. இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் பெண்சாதி சண்முகவடிவு கொழுந்து பறித்தாள். எங்களுக்கு முதலில் பிறந்த பெண் பதினோராம் நாள் போய்விட்டது. அடுத்தது பையன். எட்டு மாதம் இருந்தான். தவழ்ந்துவந்து என் காக்கிச் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுப்பான். ஒரு மழைக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சலில் அவனும் போனான். மூன்றாவது வயிற்றில் தங்கியபோது நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். எமனுக்கு இந்தத் தாயின் முகம் பழகிவிட்டது, ஆகவே பிள்ளைக்குத் தாயை மாற்றவேண்டும் என்றார்கள்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் வேலாயி அக்கா இருந்தாள். அவளுக்கு மூன்று பெண்கள். மூன்று பேரும் தங்கி, வளர்ந்து, வேறு வேறு தோட்டங்களில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார்கள். பிள்ளை தங்குகிற கை என்று அவளுக்குப் பெயர். எங்கள் பையன் பிறந்த அன்றைக்கே லயத்துக் கோடியில் குப்பைமேட்டில் ஒரு சாக்கை விரித்து அவனைக் கிடத்தினார்கள். தற்செயலாக வருகிறவள் மாதிரி வேலாயி அக்கா அந்தப் பக்கம் வந்தாள். "யாரு பெத்த குப்பையோ, நாதியில்லாம கெடக்கே" என்று எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நாங்கள் போய் ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து அவனை வாங்கிவந்தோம். தவிட்டான் என்று பெயர் வைத்தோம். அன்றிலிருந்து அவன் அவளுடைய பிள்ளை, வளர்க்கிறது மட்டும் நாங்கள். நானோ வடிவோ அவனை 'என் மகன்' என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. அவன் வேலாயியை அம்மா என்பான். பெற்றவளை வடிவு என்பான். என்னை, தோட்டமே கூப்பிடுகிற மாதிரி, டைவரு என்பான். இரண்டரை வயதில் கையை நீட்டிக்கொண்டு "டைவரு, தூக்கு" என்று அதிகாரம் செய்வான். எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

இதுவரைக்கும் ஆயிரம் வீட்டில் நடக்கிறதுதான். நாங்கள் செய்த முட்டாள்தனம் இதற்கு அடுத்தபடி. தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரய்யா பிறப்பைப் பதியக் கேட்டபோது, தாய் பெயர் வேலாயி, தகப்பன் பெயர் சின்னராசா என்று சொல்லிவிட்டோம். சின்னராசா வேலாயி அக்காவின் புருஷன். இதில் வடிவுதான் ஒற்றைக்காலில் நின்றாள். "எமன் வந்தா மொதல்ல எழுதி வெச்சிருக்கிறதத்தானே பாப்பான்" என்றாள். டாக்டரய்யா நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பிற்பாடு பலபேரிடம் வீராப்புப் பேசியிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு ஆடியது என் தலைதான்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் எங்கள் கழுத்தைப் பிடித்தது. முன்னே ஒரு தரம் அப்பாவின் சாவுக்குத் துறையூர்ப் பக்கம் போய்வர நான் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தேன். அது கையில் இருந்தவனை இலங்கைக்காரன் என்று எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. விசா முடிந்தது, இனிப் புதுப்பிக்க முடியாது, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பெண்சாதியோடு கப்பலேறு என்று கடிதம் வந்தது. பிள்ளையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, எந்தப் பிள்ளை என்றார்கள். காகிதத்தின்படி எனக்குப் பிள்ளையே இல்லை. அவன் சின்னராசாவின் மகன். சின்னராசா இந்த நாட்டுப் பிரஜாவுரிமை வாங்கியிருந்தவன், போன வருஷம் நெஞ்சு நோயில் செத்தும் போயிருந்தான். பையனை எங்களோடு கொண்டுபோக ஒரே வழிதான் இருந்தது. நுவரெலியாக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், இரண்டு பெண்களும் அதிகாரி முன்னால் வந்து நின்று, ஒருத்தி என் பிள்ளை இல்லை என்றும் இன்னொருத்தி என் பிள்ளைதான் என்றும் வாயால் சொல்லவேண்டும். பதினெட்டாம் தேதி பகல் இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அந்த அதிகாரி லீவு. அவர் திரும்பி வருவதற்குள் முப்பதாம் தேதி போய்விடும்.

வாயால் சொல்லவேண்டும் என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. கைநாட்டு வைத்தால் போதும் என்றேன். வடிவு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"என்னாங்க, வாயால ஏதும் சொல்லணுமா?"

"எதுக்கு? பெருவிரல மையில தொட்டு வைக்கணும். அம்புட்டுத்தான்."

"யாரு புள்ளன்னு கேட்டா?"

"கேக்கமாட்டாங்கடி."

கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். வேலாயி அக்கா ஒன்றுமே கேட்கவில்லை. நான் பயந்தது அவளை நினைத்துத்தான். புருஷன் போனபிறகு ராத்திரியும் பகலும் பையன் அவள் மடியில்தான் கிடந்தான். அவள் மட்டும் அங்கே வந்து 'என் பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது.

அதனால்தான் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். துரைக்கு என்மேல் பிரியம். ஊரைவிட்டுப் போகிறவன் ஒருநாள் குடும்பத்தோடு சுற்றிவரட்டும் என்று ஜீப்பைக் கொடுத்தார். பட்டிப்பொலைக்கு அப்பால் ஹோட்டன் சமவெளிக்குத் துரையை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு நான் பலதரம் போயிருக்கிறேன். அரசாங்கம் பாதுகாக்கிற காடு, மரைகள் என்கிற பெரிய மான்கள் மாடு மாதிரிக் கூட்டமாக நிற்கும், உலக முடிவு என்று ஒரு மலைவிளிம்பு இருக்கிறது என்றெல்லாம் வடிவிடம் அளந்திருந்தேன். அவள் நுவரெலியாவைத் தாண்டியதில்லை. விடியற்காலையில் புறப்பட்டுக் காட்டைப் பார்த்துவிட்டு, பகலில் திரும்பும் வழியில் கச்சேரி. வேலாயி அக்காவும் மனம் குளிர்ந்திருப்பாள். நான் போட்ட திட்டம் அது, அதில் எனக்குப் பெருமை வேறு.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வேலாயி அக்கா நல்ல சேலை கட்டி, கம்பளியும் ஒரு மூட்டையும் கொண்டுவந்தாள். மூட்டையை வாங்கி வைக்கும்போது தொட்டுப் பார்த்தேன். பையனுடைய சட்டைகள் நான்கும் அதில் இருந்தன.

"ஒருநா பயணத்துக்கு எதுக்குக்கா நாலு சட்ட?"

"இருக்கட்டும் தம்பி" என்றாள், அவ்வளவுதான்.

எங்கேயாவது இறங்கிப் பிள்ளையோடு போய்விடுவாளோ என்று எனக்குள் ஒரு பூச்சி புகுந்துகொண்டது. அவளுக்கு மூத்த மகள் வெலிமடைப் பக்கம் இருக்கிறாள் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

நானுஓயா வளைவுகளில் வடிவு வாந்தி எடுத்தாள். பையனுக்கோ கொண்டாட்டம். என் முதுகுக்குப் பின்னால் நின்று தோளில் அடித்து "டைவரு, போ! டைவரு, போ!" என்று விரட்டினான். நுவரெலியாவில் ஏரிமேல் பனி மூடியிருந்தது. கச்சேரிக் கட்டடத்தைத் தாண்டும்போது நான் வாயைத் திறக்கவில்லை. அம்பேவெலைப் பண்ணையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சீமை மாடுகளைப் பார்த்ததும் பையன் கத்திய கத்தலில் வடிவுகூடச் சிரித்துவிட்டாள். ஜீப்பை நிறுத்தினேன். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் மாடுகளோடு பேசினான், இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் நின்று அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கால்மணி நேரம் நாங்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். அதை மறைத்து என்ன?

பட்டிப்பொலை ஸ்டேஷனைத் தாண்டிக் காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடந்தது. குடிசையிலிருந்து காட்டு இலாகாக் காவல்காரர் பழைய பட்டாளத்துக் கோட்டோடு வந்தார். சிங்களவர், வயதானவர். நம்பரைக் குறித்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தார். பையன் அவருடைய தாடியைப் பார்த்துச் சிரித்தான்.

"லமயா காகேத?" என்றார். பிள்ளை யாருடையது என்று சும்மா, பேச்சுக்கு.

இரண்டரை வருஷம் தொண்டையிலேயே கிடந்தது அந்த வார்த்தை. "மகே புத்தா" என்றேன். என் மகன். எமனுக்குச் சிங்களம் எங்கே தெரியப்போகிறது என்று ஒரு குறும்பு. சொன்னதும் நெஞ்சு அப்படி இனித்தது, இனிப்பு போதாமல் கேட்காமலே இன்னொரு தரமும் சொன்னேன். காவல்காரர் கட்டையைத் தூக்கிவிட்டார்.

கொஞ்சதூரம் போனபிறகு பின்னாலிருந்து வேலாயி அக்காவின் குரல் வந்தது. "தம்பி, அந்தாளுக்கிட்ட என்னா சொன்னீங்க?"

"வழி கேட்டேங்கா."

"எனக்கும் சிங்களம் தெரியும்" என்றாள். பையனின் தலையைச் சுற்றி மூன்றுதரம் தூ தூ என்று துப்பினாள். வடிவு என்ன என்ன என்று கேட்டாள். இரண்டு பேரும் சொல்லவில்லை.

அதன்பிறகு காடு எனக்குப் பழைய காடாக இல்லை. பாசி தொங்கும் மரங்கள் பாதையை இரண்டு பக்கமும் நெருக்கின. ஒரு பறவைச் சத்தம் இல்லை. ஒரு வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். பாதை நடுவில் ஒரு மரைக்கன்று செத்துக் கிடந்தது. வயிற்றைச் சிறுத்தை கிழித்திருந்தது. தாய் மரை அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. ஹார்ன் அடித்தேன், அது நகரவில்லை. இன்ஜினை உறுமவிட்டேன், எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. வடிவு என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"திருப்புங்க. எனக்கு ஒலகத்து முடிவும் வேணாம் ஒண்ணும் வேணாம். திருப்புங்க."

"இங்க எங்கடி திருப்புறது? ஒரு பக்கம் பள்ளம்."

உண்மையிலேயே திருப்ப இடமில்லை. நான் இறங்கிக் கல்லெடுத்து வீசினேன். மூன்றாவது கல் விலாவில் பட்டபிறகுதான் அது ஒதுங்கியது. கன்றை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கையைக் கழுவத் தண்ணீர் இல்லை, ஸ்டியரிங்கில் ரத்தம் ஒட்டியது.

சமவெளிக்கு ஏறியபோது எட்டரை மணி. புல்லும் வானமுமாகத் திறந்து கிடந்த வெளியில் வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓடைப் பக்கமாக வண்டியை நிறுத்தி, டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனேன். பையன் பின்சீட்டில் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். வேலாயி அக்கா பாதையோரம் துண்டை விரித்து ரொட்டியையும் சம்பலையும் எடுத்து வைத்தாள். வடிவு ஒதுங்கவேண்டும் என்று புதர்ப் பக்கம் போனாள். எல்லாரும் பத்தடி, இருபதடி தூரத்துக்குள்தான்.

நான் குனிந்து டின்னை நிரப்பி நிமிர்வதற்குள் பனி இறங்கிவிட்டது. அந்த வெளியில் அது அப்படித்தான் வரும். ஜீப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் கொடுத்துக்கொண்டே தடவி நடந்து வந்து சேர்ந்தேன். பின்சீட்டில் கம்பளி தட்டையாகக் கிடந்தது.

வேலாயி அக்கா தூக்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். அவள் வடிவு தூக்கிக்கொண்டாள் என்று நினைத்தாள். புதரிலிருந்து வந்த வடிவின் கை வெறுமையாக இருந்தது.

"தவிட்டான்!" என்று கத்தினோம். "தவிட்டான்! டேய்!" பனி சத்தத்தை விழுங்கியது. நான் ஓடினேன், எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று தெரியாமல். எங்கோ ஒரு பக்கத்தில் அந்த மலைவிளிம்பு இருக்கிறது. கால் மைல் தூரமா, நாலு மைல் தூரமா என்றுகூட அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.  "மகனே!" என்று கத்திவிட்டேன். "மகனே! டேய் மகனே!"

பனிக்குள்ளிருந்து வேலாயி அக்கா பாய்ந்து வந்து என் வாயில் அறைந்து பொத்தினாள். சம்பல் காரம் என் உதட்டில் எரிந்தது.

"கொன்னுபுடாதீங்க தம்பி! வாய மூடுங்க!" பிறகு வடிவிடம் திரும்பினாள். "காவக்காரங்கிட்ட சிங்களத்துல சொன்னாரு. இப்ப தமிழ்லயும் சொல்லிட்டாரு."

வடிவு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஜீப்பிலேயே உட்கார்ந்து நிறுத்தாமல் ஹார்ன் அடிக்கச் சொன்னார்கள், அவர்கள் வழி தவறாமல் இருக்க. இரண்டு பேரும் பனிக்குள் இறங்கினார்கள்.

"யாரு பெத்த குப்பையோ, எங்க கெடக்குதோ!" என்று வேலாயி கூவினாள்.

"எங்களுக்கு வேணாம், யாருக்கும் வேணாம்!" என்று வடிவு கூவினாள். "நாதியில்லாத புள்ள! யாரும் தேடாத புள்ள!"

நான் ஹார்னை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் பெண்சாதி என் பிள்ளையை யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டு போனாள். சத்தம் தூரமாகிக்கொண்டே போய், கடைசியில் ஹார்ன் சத்தம் மட்டும் இருந்தது. நம்பிக்கை இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டவன், அந்த முக்கால்மணி நேரமும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, 'என் பிள்ளை இல்லை, என் பிள்ளை இல்லை' என்று முனகிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை.

முதலில் வேலாயி அக்கா வந்தாள், இடுப்புவரை கறுப்புச் சேறு. பையன் அவள் தோளில் கிடந்தான். மரையைப் பார்த்து அதன் பின்னால் போயிருக்கிறான். ஒரு சதுப்புக் குழிக்குள் மார்பளவு தண்ணீரில் புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். அழவில்லையாம். உதடு நீலமாகப் போயிருந்தது, பல் கிட்டியிருந்தது. ஈரத்தை உரித்துவிட்டு, மூட்டையைப் பிரித்து, நான்கு சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். கம்பளிக்குள் தன் உடம்போடு வைத்துச் சுற்றிக்கொண்டாள். அவளை நான் திருடி என்று நினைத்த நினைப்புக்கு வெட்கப்பட அப்போது நேரமில்லை.

வடிவு பக்கத்தில் நின்றாள். ஒரு கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைத் தொடவில்லை.

பனி விலகவே பத்து மணிக்கு மேலாகிவிட்டது. அதுவரை வண்டியை அசைக்கவும் முடியவில்லை. இறக்கம் முழுக்க ஊர்ந்து வந்தேன். பையன் கண் திறந்து ஒரு துண்டு ரொட்டி கடித்தான், எனக்குப் போன உயிர் திரும்பியது. அம்பேவெலை தாண்டும்போதே மணி ஒன்றாகிவிட்டது. அங்கே வேலாயி அக்கா அவன் நெற்றியில் கைவைத்தாள்.

"தம்பி, காய்ச்சல் அடிக்குது. ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"ரெண்டு மணிக்கு ஆபீசுக்கா. அது முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரி."

"அனலா கொதிக்குதுங்க."

"இன்னைக்கி விட்டா கப்பலுக்கு முந்தி வேற நாளே இல்லக்கா. அப்புறம் இந்தப் புள்ள நமக்கு இல்ல."

கத்திவிட்டேன். மறுபடி 'நம்ம பிள்ளை' என்கிற பேச்சு என் வாயிலிருந்து வந்ததை வடிவும் கேட்டாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. எட்டு மாதத்தில் போன பையனைக் கையில் வைத்திருந்த அந்த மூன்று நாளும் அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

கச்சேரியில் அதிகாரி ரிஸ்வி என்பவர். மூக்குக்கண்ணாடி போட்ட அமைதியான மனிதர், நன்றாகத் தமிழ் பேசினார். எங்கள் சேற்றையும் பிள்ளையின் முகத்தையும் பார்த்துவிட்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதுதான் இரண்டு பேரிடமும் வாயால் சொல்லவேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தேன். 

முதலில் வேலாயி அக்காவைக் கேட்டார்.  அவள் மடியில் கிடந்த பையனைப் பார்த்தாள், பிறகு வடிவைப் பார்த்தாள்.

"நான் பெத்தது இல்லைங்க. குப்பையில கெடந்துச்சு, எடுத்தேன். பெத்தவ அவதாங்க. அவளோட போகட்டும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரிஸ்வி எழுதிக்கொண்டார். வடிவு பக்கம் திரும்பினார்.

"பேரு சண்முகவடிவுதானே? இது நீங்க பெத்த பிள்ளையா? நீங்களே சொல்லணும்."

வடிவு குனிந்து வேலாயியிடம் கேட்டாள். "காச்சல் எப்புடிக்கா இருக்கு?"

"கொதிக்குதும்மா."

"இல்லைங்க" என்றாள் வடிவு அதிகாரியிடம்.

"என்ன இல்லை?"

"என் புள்ள இல்லைங்க. நான் ரெண்டு பெத்தேன். ரெண்டும் செத்துப்போச்சு. இது யாரு புள்ளன்னு எனக்குத் தெரியாது."

"பைத்தியமாடி ஒனக்கு?" என்று எழுந்துவிட்டேன். ரிஸ்வி கையைக் காட்டி என்னை உட்காரவைத்தார். இன்னும் இரண்டுதரம் பொறுமையாகக் கேட்டார். அவளும் பொறுமையாகவே அதையே சொன்னாள்.  தகப்பன் நான் சொல்கிறேனே என்றேன். பெற்றவள் மறுக்கும்போது உங்கள் வாக்குமூலத்தை வைத்து எழுத முடியாது என்றார். அறையில் பையன் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வேலாயி அக்கா வடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடி பாவி" என்று மெல்லச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அய்யா, நான் சொன்னத வெட்டிருங்க. மொதல்ல எழுதியிருக்கபடியே இருக்கட்டும். என் புள்ளதான்."

ரிஸ்வி பேனாவைக் கீழே வைத்தார். "முதல்ல பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். மனசு மாறினா வாங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மருந்துத் தண்ணீர் கொடுத்து, வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மூன்றரை மணிக்குப் பையனுக்கு வேர்த்தது. நெற்றி குளிர்ந்தது. கண்ணைத் திறந்து, பக்கத்தில் இருந்தவன் கையிலிருந்த பிஸ்கட்டைக் காட்டி, எனக்கு என்றான். நான் வடிவின் கையைப் பிடித்தேன்.

"காச்சல் விட்டிருச்சு. இன்னும் அரமணி நேரம் இருக்கு. எந்திரி வடிவு."

"எப்ப விட்டுச்சு?"

"இப்பத்தான். பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

"நான் இல்லன்னு சொன்ன பொறகுதான் விட்டுச்சு" என்றாள்.

"ஊசியில விட்டுச்சுடி!"

"ரெண்டாவதுக்கும் ஊசி போட்டாங்க."

 அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கச்சேரியில் நிறுத்த எனக்கு உடம்பில் பலம் இருந்தது. அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை எடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கெஞ்சினேன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் திட்டினேன். கடைசியில் அழுதேன்.

"அங்க போயி, புள்ள இல்லாம எப்புடிடி இருப்ப?"

"ரெண்டு தடவ அதுங்க போச்சு, நான் இருந்தேன்" என்றாள் வடிவு. "இந்தத் தடவ நான் போறேங்க. அவன் இருக்கட்டும்."

நான்கு மணி தாண்டிய பிறகுதான் நான் எழுந்தேன். ஜீப்பில் வேலாயி அக்கா பையனை இரண்டு பேருக்கும் நடுவில் படுக்கவைத்தாள். அவன் தூக்கத்தில் புரண்டு வடிவின் மடிப் பக்கம் காலைப் போட்டான். அவள் நகர்ந்து கதவோரமாக ஒடுங்கிக்கொண்டாள். தலவாக்கலை வந்து சேரும்வரை அவள் அவனைத் தொடவே இல்லை.